காதில் மூன்று முறை சொன்ன பெயர்

எங்கள் மகனுக்கு இப்போது இருபது மாதம். இன்னும் ஆறு வாரம் கழித்துக் காதை மறுபடியும் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை மருந்து எதுவும் இல்லை, காத்திருக்க வேண்டியதுதான். இந்த இடைவெளியில் நடந்ததை எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. ஆஸ்பத்திரி நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த நாட்களில், இதையெல்லாம் கடந்து வந்த ஓர் அம்மா எழுதியது ஏதாவது கிடைக்குமா என்று போனில் தேடிக்கொண்டே இருந்தேன். கிடைத்ததில் பாதி பயமுறுத்தியது, மீதி எதையோ விற்றது. நான் எழுதுவது யாருக்காவது உதவுமா என்று தெரியவில்லை. எனக்கே பல விஷயம் இன்னும் குழப்பமாகத்தான் இருக்கிறது.

ஒன்றரை வயதுத் தடுப்பூசிக்குப் போன நாளில்தான் ஆரம்பித்தது. தடுப்பூசிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஓர் அட்டவணை உண்டு. எந்த மாதத்தில் குழந்தை என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகப் போட்டு, பக்கத்தில் கட்டம் விட்டிருப்பார்கள். நான் கணக்கில் பி.எட். முடித்து, கர்ப்பமாகும்வரை பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவள். கட்டம் போட்ட தாளைக் கண்டால் நிரப்பாமல் இருக்க முடியாது. தலை நின்றது, குப்புற விழுந்தது, உட்கார்ந்தது, தவழ்ந்தது, நடந்தது என்று எல்லாவற்றுக்கும் பேனாவால் டிக் போட்டுத் தேதியும் எழுதியிருந்தேன். 'அர்த்தத்தோடு சில சொற்கள் பேசுகிறது' என்ற கட்டத்தில்தான் பேனா நின்றுவிட்டது. 'ம்மா' என்று சொல்வான். என்னைப் பார்த்தும் சொல்வான், தெருவில் போகிற மாட்டைப் பார்த்தும் சொல்வான், ஃபிரிட்ஜைப் பார்த்தும் சொல்வான். இதை ஒரு சொல் என்று கணக்கில் எடுப்பதா, மூன்றா, ஒன்றுமே இல்லையா?

ஊசி போடுவதற்கு முன் நர்ஸ் பெயரைக் கேட்டார். நான் புத்தகத்தை நீட்டினேன். அவர் பார்த்துவிட்டு, எடை பார்க்கும் மெஷினின் தட்டைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்தவனை, "வீரணா! டேய் வீரணா! இங்க பாருங்க சாமி, வீரணா!" என்று கூப்பிட்டார். மூன்று முறை. அவன் திரும்பவே இல்லை. நர்ஸ் டாக்டரைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் பார்த்தேன்.

டாக்டர் கேட்டார், "சளி அடிக்கடி பிடிக்குமா?"

"ஆமா டாக்டர். மாசம் ஒருக்க."

"எத்தன வார்த்த பேசுறான்?"

ஃபிரிட்ஜைப் பற்றி எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "மூணு இருக்கும்" என்றேன். அது பொய்யா என்று வீடு வரும்வரை யோசித்தேன். அவர் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து, வீட்டில் வைத்து நிதானமாக நிரப்பிக்கொண்டு வரச் சொன்னார். காதுப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார். அவர் வாயால் 'ஆட்டிசம்' என்று சொல்லவில்லை. அந்தச் சொல் தாளின் மேலே சிறிய எழுத்தில் இருந்தது. ஆட்டோவில் வரும்போதுதான் படித்தேன்.

எங்கள் வீடு காளவாசலுக்குப் பக்கம். நான், என் கணவர், மாமனார், பிள்ளை என்று நான்கு பேர். அத்தை, அதாவது என் மாமியார், பிள்ளை பிறப்பதற்கு முன்பே தவறிவிட்டார். அதற்குப் பிறகு மாமாவைப் பேரையூர்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து எங்களோடு கூட்டி வந்துவிட்டோம். பல வருஷம் டீசல் இன்ஜின் பக்கத்திலேயே நின்று தண்ணீர் பாய்ச்சியவர் என்பதால் அவருக்கு இடது காது மந்தம். வலது காதை டி.வி. பக்கம் திருப்பி, சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

என் கணவர் மோட்டார் உதிரிபாகக் கடையில் வேலை பார்க்கிறார். தாளைக் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தார்.

"நானே மூணு வயசுலதேன் பேசுனேனாம். இப்ப என் வாய மூடச் சொல்லித்தானே நீ சண்ட போடுற?"

"பேசுறது வேறங்க. திரும்பவே இல்ல. நர்ஸ் மூணு தடவ கூப்பிட்டாங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான்கு நாள் நாங்கள் செய்ததை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவனுக்குத் தெரியாமல் பின்னால் போய் நின்று தட்டைக் கீழே போட்டோம். முதல் தடவை திரும்பினான், இரண்டாம் தடவை திரும்பவில்லை. கேட்கவில்லையா, சலித்துவிட்டதா? 'தம்பி' என்று கூப்பிட்டேன். திரும்பினான். ஆனால் என் கையில் பிஸ்கட் பாக்கெட் இருந்தது. பிஸ்கட் இல்லாமல் கூப்பிட்டேன், திரும்பவில்லை. டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. கேள்வித்தாளில் 'பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்கிறதா?' என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று இரண்டே கட்டம். 'சில நேரம்' என்று மூன்றாவது கட்டம் இல்லை. நர்ஸ் கூப்பிட்டதை நினைத்துக்கொண்டு 'இல்லை'யில் டிக் போட்டேன். பிறகு அதன் மேல் கோடு போட்டு அடித்தேன். பிறகு மறுபடியும் போட்டேன்.

காதுப் பரிசோதனைக்குப் பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். குழந்தை தூங்கும்போது நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் சிறிய ஒயர்களை ஒட்டி, காதுக்குள் டிக் டிக் என்று சத்தம் கொடுப்பார்கள். அந்தச் சத்தத்துக்கு மூளை பதில் சொல்கிறதா என்பது கம்ப்யூட்டரில் கோடு கோடாக வரும். வலி கிடையாது. ஆனால் குழந்தை அசையாமல் தூங்க வேண்டும். அதனால் விடிவதற்கு முன்பே எழுப்பி, வழியில் தூங்க விடாமல் கூட்டி வரச் சொல்லியிருந்தார்கள்.

தூங்க விடாமல் கூட்டிப்போவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தினமும் மடியில் போட்டு ஒரு மணி நேரம் தட்டினாலும் கண் மூடாதவன், ஆட்டோ காளவாசல் சிக்னலைத் தாண்டுவதற்குள் சொக்கி விழுந்தான். என் கணவர் கன்னத்தில் தண்ணீர் தடவினார். மாமா, "ஏலே மாப்ள, அந்தா பாரு பஸ்ஸு! அம்புட்டுப் பெரிய பஸ்ஸு!" என்று கத்திக்கொண்டே வந்தார். ஆட்டோக்காரர் பாவம் பார்த்து நான்கு தடவை ஹாரன் அடித்துக் கொடுத்தார். ஆஸ்பத்திரி வந்து தூக்க மருந்து கொடுத்ததும் பிள்ளை சுத்தமாக விழித்துக்கொண்டான். பாதி மருந்தைத் துப்பிவிட்டு, காத்திருக்கும் ஹாலில் மீன் தொட்டியைச் சுற்றிச் சுற்றி ஓடினான்.

அங்கே எதிர் வரிசையில் இருந்த ஓர் அம்மா, "என் மகனும் இப்படித்தேன். ஸ்கூல்ல விட்டதும் பேசிட்டான். கவலப்படாதீங்க" என்றார். அவருக்கு அடுத்து இருந்தவர் என் பக்கம் குனிந்து, "சும்மா இருந்துராதீங்க. எங்க அண்ணன் மக அப்படித்தேன் சும்மா இருந்து மூணு வருசம் போச்சு" என்றார். இரண்டு பேரும் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். நான் இரண்டு பேருக்கும் தலையாட்டினேன்.

அப்போது ஒலிபெருக்கியில், "வீரணன், அறை எண் ஆறு" என்று கூப்பிட்டார்கள். மாமா விருட்டென்று எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். வாசலில் நின்ற பெண், "பேஷன்ட் யாருங்க?" என்று கேட்டார்.

"நாந்தேன். வீரணன்."

"குழந்த காதுக்குத்தான தாத்தா எழுதியிருக்கு?"

"அட, ஆமாத்தா. அவனும் வீரணன்தேன்." ஹாலில் எல்லோரும் சிரித்தார்கள். என் கணவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஒலிபெருக்கிச் சத்தத்துக்கு மாமா எழுந்த அதே நேரத்தில் பிள்ளை மீனைப் பார்த்துக்கொண்டு நின்றான் என்பதைத்தான் கவனித்தேன். காது மந்தமானவருக்குக் கேட்டது, இவனுக்குக் கேட்கவில்லை.

உள்ளே போனதும், குடும்பத்தில் யாருக்காவது காது கேட்காதா என்று கேட்டார்கள். நான் மாமாவைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். மாமாவே சொன்னார்: "எனக்கு எடது காது போச்சும்மா. பொறவியில இல்ல, இன்ஜின் சத்தத்துல. அதெல்லாம் பேரப்பிள்ளைக்கு வருமா?" வராது என்று அவர்கள் சொன்ன பிறகும் இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

முதல் நாள் அவன் தூங்கவே இல்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் அதே ஆட்டோ, அதே பஸ், அதே ஹாரன். இந்த முறை தூங்கினான். ஒயர்கள் ஒட்டிய சின்னத் தலையை மடியில் வைத்துக்கொண்டு, இருட்டறையில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். திரையில் கோடுகள் ஏறி இறங்கின. ஏறினால் நல்லதா, இறங்கினால் நல்லதா என்று எனக்குத் தெரியாது. பரிசோதனை செய்தவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு முறை கொட்டாவி விட்டார். கொட்டாவி விடுகிற அளவுக்கு என்றால் பெரிதாக ஒன்றும் இருக்காது என்று ஆறுதல் சொல்லிக்கொண்டேன்.

காது டாக்டர் படம் வரைந்து விளக்கினார். மூக்குக்கும் காதுக்கும் நடுவில் ஒரு மெல்லிய குழாய் இருக்கிறது. சளி பிடித்தால் அது அடைத்துக்கொள்ளும். அடிக்கடி அடைத்தால் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துவிடும். எங்கள் பிள்ளைக்கு இரண்டு காதிலும் அப்படி இருந்தது. நரம்பு நன்றாக இருக்கிறது, சத்தம் உள்ளே போகும் வழியில்தான் தடை என்றார்.

மாமா கேட்டார், "கெணத்துக்குள்ள முங்கிட்டு மேல பேசுறதக் கேட்டா இருக்குமே, அப்புடியா சார்?"

"கரெக்டா சொன்னீங்க. அப்படித்தான்."

பல குழந்தைகளுக்கு மூன்று மாதத்தில் தானாக வடிந்துவிடும். வடியாவிட்டால், நீர் வெளியேற செவிப்பறையில் மிகச் சிறிய குழாய் ஒன்று வைப்பார்கள். அதுவரை பக்கத்தில் வந்து, முகத்தைப் பார்த்து, சத்தமாகவும் தெளிவாகவும் பேச வேண்டும். நான் நீட்டிய கேள்வித்தாளைப் பார்த்துவிட்டு, பேச்சுப் பயிற்சியாளரையும் பார்த்துவிடுங்கள், இதில் சில 'இல்லை' இருக்கிறது என்றார். அப்படியென்றால் காதினால்தானா, வேறு ஏதாவதும் இருக்கிறதா என்று கேட்டேன். "இப்பவே சொல்ல முடியாதும்மா" என்றார். உண்மையான பதில்தான். ஆனால் அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பயிற்சியாளர் ஜெனிபருக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். தரையில் பாய் விரித்து, பிள்ளையோடு பிள்ளையாக உட்கார்ந்து, அரை மணி நேரம் டப்பாக்களை அடுக்கித் தள்ளி விளையாடினார். பிறகு என்னைப் பார்த்து, "மேம், கண்ணப் பாக்குறான். டப்பாவக் காட்டிச் சிரிக்கிறான். ஆனா பேருக்கு 'இல்ல'ன்னு போட்டிருக்கீங்க. எங்க, பக்கத்துல வந்து நீங்க கூப்பிடுங்க பாப்போம்" என்றார்.

நான் குனிந்து, "தம்பி" என்றேன். அவன் டப்பாவை விட்டுத் தலை தூக்கவில்லை.

"பேரச் சொல்லிக் கூப்பிடுங்க மேம்."

என் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. ஜெனிபர் நான் அழப்போகிறேன் என்று நினைத்துத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். நான் அழவில்லை. அந்தப் பெயரை நான் ஒரு முறைகூட வாயால் சொன்னதில்லை என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

எங்கள் பக்கம் மூத்த பையனுக்குத் தாத்தா பெயர் வைப்பார்கள். மருமகள் மாமனார் பெயரைச் சொல்ல மாட்டாள். யாரும் என்னைச் சொல்லாதே என்று தடுக்கவில்லை. எங்கள் அம்மா சொன்னதில்லை, நானும் சொல்லவில்லை, அவ்வளவுதான். பிறப்புச் சான்றிதழில் நான்தான் எழுதினேன். எழுதுவதில் எனக்குத் தயக்கமே இருந்ததில்லை. யாராவது பெயர் கேட்டால் தாளை நீட்டிவிடுவேன்.

"சரி, வீட்ல மத்தவங்க எப்படிக் கூப்பிடுவாங்க?" என்று ஜெனிபர் கேட்டார்.

யோசித்துச் சொன்னேன். நான் தம்பி. கணவர் 'ஐயா'. மாமா 'மாப்ள'. மாடியில் இருக்கும் வீட்டுக்கார அக்கா 'குட்டி'.

"தம்பின்னு வேற யாரையும் கூப்பிடுவீங்களா?"

தண்ணீர் கேன் போடுபவரை, ஆட்டோக்காரரை, கணவரின் நண்பர்களை. எல்லோரையும்தான்.

ஜெனிபர் கேள்வித்தாளை மறுபடியும் எடுத்துப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அப்ப அவன் பேரு வீரணன்னு அவனுக்கு யாரு மேம் சொன்னா?" என்று கேட்டார்.

பெயர் வைத்த அன்று என் நாத்தனார் காதில் மூன்று முறை சொன்னார். அப்போது அவனுக்கு முப்பது நாள். அதற்குப் பிறகு அவனைப் பார்த்து அந்தப் பெயரைச் சொன்னது தடுப்பூசி போட்ட நர்ஸ்தான்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "எனக்கும் வராதே! எங்கப்பா பேரச் சொல்லி 'ஏய், சோறு தின்னு'ன்னு எப்புடிச் சொல்றது?"

"அப்ப டிக்கை மாத்திரலாமா?"

"எனக்கென்ன தெரியும்? அது உன் பரீட்ச."

அவன் திரும்பாததற்கு எவ்வளவு காதில் கோத்த நீர், எவ்வளவு டி.வி. சத்தம், எவ்வளவு நாங்கள் என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. நிம்மதிப்பட நினைத்தால், மூன்று வார்த்தையும் சந்தேகமான வார்த்தைகள் என்பது நினைவுக்கு வரும். பயப்பட ஆரம்பித்தால், பெயரே சொல்லித் தராத பிள்ளையை எதற்குச் சந்தேகப்படுகிறோம் என்று இருக்கும்.

ஜெனிபர் வீட்டுக்கு இரண்டு வேலை கொடுத்திருந்தார். மாலையில் ஒரு மணி நேரம் டி.வி. அணைத்திருக்க வேண்டும். எல்லோரும் ஒரே பெயரில் கூப்பிட வேண்டும். முதல் வேலையை மாமா மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார். இரண்டாவதை நான் அவரிடம் சொல்லவே இல்லை. அடுப்படி அவர் நாற்காலிக்கு இடது பக்கம் இருக்கிறது. அவருடைய கேட்காத காது அந்தப் பக்கம்தான். பிள்ளை உள்ளே வந்து பாத்திரங்களை இழுக்கும்போதெல்லாம் உட்கார்ந்து, அவன் முகத்துக்கு நேராக, குரலை அடக்கி "வீரணா" என்று சொல்லிப் பழகினேன். முதல் நாள் திருடுவது போலப் படபடப்பாக இருந்தது. இரண்டு வாரம் ஆயிற்று. அவன் சில நேரம் என் வாயைப் பார்த்தான், சில நேரம் மூடியை நக்கினான். எனக்குச் சிக்கல் புரிந்துதான் இருந்தது. மாமாவுக்குக் கேட்காத அளவில் சொன்னால், காதில் நீர் கோத்தவனுக்கும் கேட்காது. அவனுக்குக் கேட்கிற அளவில் சொன்னால் மாமாவுக்கும் கேட்டுவிடும்.

போன வாரம் ஒரு சாயங்காலம் டி.வி. அணைத்திருந்தது. பிள்ளை மாமாவின் காலடியில் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தான். நான் மாமாவின் இடது பக்கம் வந்து, தாழ்ந்த குரலில் கூப்பிட்டேன். அவன் திரும்பவில்லை.

மாமா முன்னாலேயே பார்த்துக்கொண்டு பேசினார். "தாயி, ரெண்டு வாரமா எம் பேரு அடுப்படிக்குள்ள இருந்து வந்துக்கிட்டே இருக்கு."

எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. "மாமா, உங்களுக்குக் கேக்காதுன்னு..."

"டி.வி.யத்தேன் நிப்பாட்டிப்புட்டியே. இப்ப கொசு பறந்தாக்கூடக் கேக்குது. என்னயத்தேன் கூப்புடுதோன்னு ரெண்டு தடவ எந்திரிச்சுட்டேன்."

"பயிற்சியில சொன்னாங்க மாமா. பேரச் சொல்லித்தான் கூப்பிடணுமாம்."

"அப்பறம் என்னத்துக்குக் களவாணித்தனமாக் கூப்புடுற? அந்தப் பக்கம் செவிடு. இந்தப் பக்கம் வா. சத்தமாக் கூப்புடு, நானும் கேக்குறேன். உங்க அத்தயும் ஒரு நாளும் சொன்னதில்ல. பேங்குல கவுண்டர்ல இருக்க பிள்ளயும், ஆஸ்பத்திரி மைக்கும் தவிர எம் பேர எவன் கூப்புடுறான்?"

வலது பக்கம் போய்ப் பிள்ளைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். தெருவுக்கே கேட்கிற மாதிரி, "வீரணா!" என்றேன்.

"ம்" என்றார் மாமா, பழக்கத்தில். பிள்ளை என்னைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து அவரைப் பார்த்தான்.

"வீரணா!"

"ம்." பிள்ளை அவர் வாயையே பார்த்தான்.

மூன்றாவது முறை கூப்பிட்டபோது மாமா உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டார். பிள்ளை அந்த மூடிய வாயைப் பார்த்தான். அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"ம்" என்றான்.

அது தன் பெயர் என்று தெரிந்து சொன்னானா, தாத்தா சொல்லாமல் விட்டதைச் சொன்னானா, எனக்குத் தெரியவில்லை. டாக்டரிடம் இதை எப்படிச் சொல்வது என்று ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். கேள்வித்தாளில் அந்த இடத்தில் இப்போது 'ஆம்' என்ற கட்டத்தில் டிக் போட்டிருக்கிறேன். பென்சிலால்.